கனடாக் கோச்

“உந்தக் கோச்சை இண்டைக்கே கலைக்க வேணும்” என்றார் கணேசலிங்கம். எல்லைக்கோட்டருகில் நின்ற தங்கள் அணியின் கோச் குகதாசனின் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு உரக்கச் சொன்னார். குகதாசன் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் அவருக்குப் பழகிவிட்டது.

லண்டனின் மிச்சம் பகுதி மைதானத்தில் பழைய மாணவர் சங்கங்களின் கிண்ணத்துக்கான உதைபந்தாட்ட இறுதியாட்டம். குருந்தடி இந்துக் கல்லூரியும் வாகையடிக் கல்லூரியும் மோதின. ஊரில் எந்தக் கல்லூரியில் படித்தானோ அந்தக் கல்லூரிக்குத்தான் ஒருவன் ஆடலாம் என்பது விதி. லண்டனுக்கு வந்தும், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பிறந்தும், அந்த விதி மாறவில்லை.

குருந்தடி கிண்ணத்தைத் தொட்டு ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் லூயிஷாம் கோயிலில் வாகையடிக்காரரின் நக்கலைக் கேட்டுக் கேட்டு, குருந்தடியில் படித்த கணேசலிங்கத்துக்குச் சாமி கும்பிடுகிற ஆசையே விட்டுப்போயிருந்தது. பந்தை ஒருநாளும் காலால் உதைத்தறியாத மனிதர். ஆனாலும் இந்த ஒரு வருடத்திலேயே இரண்டு கோச்மாரைத் தொலைபேசியில் திட்டித் திட்டியே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

முதல்நாள்தான் ஒரு செய்தி அடிபட்டது. கனடாவிலிருந்து ஒரு புதுக் கோச் வந்திருக்கிறாராம், இறுதியாட்டத்தைப் பார்ப்பாராம், பிடித்தால் குருந்தடியைப் பொறுப்பெடுப்பாராம். மடக்குக் கதிரையில் தனியாக இருந்த புதுமுகத்தைக் கண்டதும் கணேசலிங்கம் நேரே அங்கே போனார்.

“தம்பி, கனடாவோ?”

“ஓம் அண்ணை. போன கிழமைதான் வந்தனான். பேர் செபமாலைமுத்து.”

“இந்த மட்ச் பாக்கவோ?”

“அதுக்குத்தான் கூப்பிட்டவை.”

வேறென்ன வேண்டும்? கணேசலிங்கம் சோடாப் பெட்டியொன்றை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார்.

“முதல் வந்த கோச் ஹரோவில கணக்காளர். பலகையில அம்புக்குறி அம்புக்குறியாக் கீறினார். பொடியள் பந்தை விட்டிட்டு அம்புக்குறியைத் தேடினவங்கள். ரெண்டாவது ஆள் மழைக்குள்ள ஓட விட்டு எல்லாருக்கும் தடிமன் குடுத்தார். உந்தக் குகதாசன் பஸ் ஓடுறவர். ஆர் கை காட்டினாலும் ஏத்துறார்.”

“அந்த ஒன்பதாம் நம்பர் நல்லா விளையாடுறானே, அண்ணை?”

“எட்வேட். ஏன் விளையாடான்? மன்னார்ப் பொடியன், மன்னாரிலதான் படிச்சவன். கொவென்றியில பெற்றோல் செட்டில நிண்டவனை எங்கட கொமிற்றி பிடிச்சுக்கொண்டு வந்தது. குருந்தடிப் பள்ளிக்கூடம் எந்தத் திசையில இருக்கெண்டும் அவனுக்குத் தெரியாது.”

“பிறகெப்பிடி இறக்கினவை?”

“வாகையடியார் முறைப்பாடு குடுத்துத்தான் இருக்கினம். குடுக்கட்டும். அவன் குருந்தடியில படிச்சவனெண்டு பள்ளிக்கூட அதிபற்ற கடிதம் எங்களிட்டை இருக்கு.”

“சண்டைக்குள்ள யாழ்ப்பாணத்திலயிருந்து கடிதம் வருதோ?”

கணேசலிங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கனடாவில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

“அது ஏன் வர வேணும்? கொமிற்றியில இருக்கிற மொக்கர் ஒரு கடிதம் எழுதினவை. சின்னப் பிள்ளையும் சிரிக்கும். திகதியே ஞாயிற்றுக்கிழமை. அதைக் கிழிச்சுப்போட்டு நான்தான் புதுசா எழுதினனான். அதிபற்ற கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு.”

“உங்கட முழுப்பேர் என்ன, அண்ணை?”

“சின்னையா கணேசலிங்கம்.” செபமாலைமுத்து அதை ஒரு கடதாசியில் குறித்துக்கொள்வதைப் பார்த்ததும் கணேசலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. புது நிர்வாகத்தில் முகாமையாளர் பதவி என்றால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

“நீங்கள் பொறுப்பெடுத்தால் முதல் அவனை நிப்பாட்டுங்கோ. சொந்தப் பொடியளை இறக்கித் தோத்தாலும் அதில ஒரு மரியாதை இருக்கு” என்றார்.

“இப்ப அவன் ஒரு கோல் அடிச்சால்?”

“கையும் தட்டமாட்டன்.”

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது எட்வேட் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய்ப் பந்தை வலைக்குள் அடித்தான். சோடாப் பெட்டி ஒரு பக்கம் உருள, கணேசலிங்கம் ஒற்றைச் செருப்போடு மைதானத்துக்குள் ஓடினார். கலைக்கப்பட வேண்டிய குகதாசனைக் கட்டிப்பிடித்து, “லண்டனில உன்னைப்போல ஒரு கோச் இல்லையடா” என்று அழுதார். ஒன்பது வருடத்து அவமானம் அத்தனையும் அந்த அழுகையில் போனது. அவர் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நாள் இருந்ததில்லை.

விசில் ஊதியாயிற்று. மேசையில் கிண்ணம் மினுங்கியது, பையன்கள் வரிசையில் நின்றார்கள். வாகையடிக்காரர் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கணேசலிங்கம் கண்ணைத் துடைத்தபடி மடக்குக் கதிரைக்கு ஓடி வந்தார்.

“எழும்பி வாங்கோ தம்பி, கப்போட ஒரு படம் எடுப்பம். வாற வருசக் கோச்சும் நிக்க வேணுமெல்லோ?”

செபமாலைமுத்து எழுந்து கதிரையை மடக்கினார். கடதாசியையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நான் கோச் இல்லை, அண்ணை. வாகையடியாற்ற அந்த முறைப்பாட்டை விசாரிக்கத்தான் என்னைக் கூப்பிட்டவை.”