வெறும் கோயிங்

காலையில் சண்டை முற்றி, "நான் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிய புருஷன் இன்னும் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. எலிசா டீச்சருக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. பலகையில் எழுதியிருந்ததைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட வேண்டும், அதுதான் பாடம். "ஐ ஆம் கோயிங்." எல்லாரும் தாண்டியாயிற்று. இசக்கியம்மாள் மட்டும் படியிலேயே நின்றாள்.

"ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங், டீச்சர்."

"கமிங் வேண்டாம்டி. வெறும் கோயிங்."

"வெறுமனே சொல்லக் கூடாது டீச்சர்."

"அதெல்லாம் தமிழுக்குத்தான். இங்கிலீஷ்ல சொன்னா ஒண்ணும் ஆகாது."

"இங்கிலீஷ்ல போனா மட்டும் ஆளு தானா திரும்பி வந்துருவாங்களா?"

வெளியே நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "சொல்லித் தொலையேன்டி, மணியடிக்கப் போகுது!" என்று ஒருத்தி கத்தினாள். டீச்சர் சிரிக்கவில்லை. மேசைமேல் போன் அதிரத் தொடங்கியது. புருஷன்தானா, வேறு யாராவதா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஓடிப்போய், 'கோயிங்'குக்குப் பின்னால் தான் வைத்த முற்றுப்புள்ளியை விரலால் அழித்தாள். "சாக்பீஸ் எங்கடி, சாக்பீஸ்?" என்று தேடினாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.