முகிலனின் செல்கள்

மாரடைப்பால் பிலோமினாவின் இதயத்தில் ஏற்பட்ட காயம் தானாகவே ஆறிவிட்டது என்று கேட்டதும் மைதிலிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் மைதிலியின் கருவைத் தன் வயிற்றில் சுமந்து, முகிலனைப் பெற்றுக் கொடுத்தவள் அவள். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் யாருடையது என்று நிறம் பிரித்துக் காட்டும் படத்தை மருத்துவர் திரையில் போட்டார். காயம் ஆறிய இடமெல்லாம் பச்சையாக இருந்தது.

"பச்சையெல்லாம் முகிலனோட செல். வயித்துல இருந்தப்பவே இவங்களுக்குள்ள போய்த் தங்கிடுச்சு."

பிலோமினா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்போ தம்பி என்னைய விட்டுப் போகவே இல்லியா?"

"என் உடம்புல எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்றாள் மைதிலி.

"நீங்க சுமக்கலையேம்மா. ஒண்ணுகூட இருக்காது."

மைதிலிக்கு வயிறு எரிந்தது. முகிலனின் செல்களைத் தனக்கும் ஏற்றச் சொல்லி அடம்பிடித்தாள். மருத்துவர் எச்சரித்தும் கேட்கவில்லை. ஊசி போட்ட மறுநாளே கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. அதன்பின் எடுத்த படத்தில் பச்சை ஒரு புள்ளிகூட இல்லை.

"உங்க உடம்பு அதைக் கிருமின்னு நெனச்சு அழிச்சிடுச்சு."

"அவ உடம்பு மட்டும் எப்படிச் சேத்துக்கிச்சு?"

"பழகிக்க அதுக்குப் பத்து மாசம் கெடச்சுதேம்மா."

அன்று மாலை பள்ளிவிட்டு வந்த முகிலனை மைதிலி இறுகக் கட்டிக்கொண்டாள்.

"மூச்சு முட்டுதும்மா, விடு," என்று அவன் திமிறினான். அவள் விடவில்லை.