எட்டடி நிலம்

ரோடு போட வந்த இன்ஜினியரின் பெயர் ஆரோக்கியராஜ் என்று தெரிந்த அன்றே அர்த்தனாரி முடிவு கட்டிவிட்டார்.

"கோயில் நெலம் போச்சு."

கொல்லிமலையில், வளப்பூர் நாடு பஞ்சாயத்தின் கடைசி ஊருக்கு இருப்பது ஒரு மண்பாதைதான். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில். எதிர்ப்பக்கம், கீழே இருந்து வேலைக்கு வந்த டீச்சர், நர்ஸ் எல்லாரும் சேர்ந்து கட்டிய ஜெபக்கூடம். லாரி நுழைய இன்னும் எட்டடி வேண்டும். எந்தப் பக்கம் எடுப்பது?

ஆரோக்கியராஜ் மூன்று நாளாகக் கோயில் ஓரமாகவே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கோயில் பொறுப்பிலிருந்த அர்த்தனாரிக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி கண்ணாயி.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? அவிய ஆளுக ஜெபக்கூடத்தை அவரே இடிப்பாரா?"

"ஏனுங்க, போன மழைல மருமகளைத் தூளி கட்டி மூணு மைல் தூக்கிட்டு ஓடுனோம். பலாப்பழமெல்லாம் தோட்டத்துலயே அழுகுது. ரோடு வந்தாச் சரின்னு உடுங்களேன்."

"சாமி நெலத்தைக் குடுத்துட்டு வர்ற ரோடு நமக்கு எதுக்கு?"

'மதம் பார்க்கும் இன்ஜினியர் எங்களுக்கு வேண்டாம்' என்று மனு எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, நாமக்கல் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணாயி மட்டும் கைநாட்டு வைக்கவில்லை.

விசாரணை என்று வேலை நின்றது. இரண்டே மாதத்தில் ஆரோக்கியராஜுக்கு மாற்றல். பஸ் பிடிக்கக் கீழே நடக்கும் முன் அர்த்தனாரியிடம் ஏதோ சொல்ல வந்தார். அர்த்தனாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பாதை வளைவில் மறைந்ததும் கோயில் வாசலில் பட்டாசு வெடித்தார்கள்.

சித்திரையில் புது இன்ஜினியர் வந்தார். பெயர் நந்தகுமார். நெற்றியில் திருநீறு. அர்த்தனாரிக்கு மனசு குளிர்ந்தது.

"ரோடு எப்பங்க சார் ஆரம்பிப்பீங்க?"

"பணம் மார்ச்சோட திரும்பிப் போயிருச்சுங்க ஐயா. மறுபடி எழுதிக் கேட்கணும். ரெண்டு வருசம் ஆகுமோ, மூணு ஆகுமோ."

அர்த்தனாரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"போனாப் போவுதுங்க. கோயில் நெலம் தப்பிச்சுதே, அது போதும்."

நந்தகுமார் பழைய பைலைப் புரட்டினார்.

"கோயில் நிலமா? அதுல ஒரு அடிகூடக் கேட்கலையே. எட்டடியும் எதிர்ப்பக்கம்தான். கோயில்மேல படக்கூடாதுன்னுதான் அந்த ஓரத்தை அளந்து எல்லை குறிச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, ஒரு கடிதத்தை உருவிக் காட்டினார்.

"ஜெபக்கூடத்துல பாதியை இடிச்சுக்கச் சொல்லி அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்களை ஒத்துக்க வைக்கறதுக்கு ஆரோக்கியராஜ் சார் நாலு ஞாயித்துக்கிழமை கால்ல விழாத குறையா கெஞ்சினாராம்."