சின்னக் கை

அந்தப் பாலைவன நகரத்துக் கோட்டைவாசலில், அரசன் இறந்ததும் தீப்பாயப் போன ராணிகள் பதித்துவிட்டுப் போன கைத்தடங்கள் குங்குமம் அப்பிக் கிடந்தன.

"பத்தினித் தெய்வங்க. தொட்டுக் கும்பிட்டுக்கோ" என்றார் கணவர்.

மரகதவல்லியின் விரல் ஆகச் சின்னக் கையின்மேல் நின்றுவிட்டது. புருஷன் அடிக்கிறான் என்று போன மாதம் ஓடிவந்த மகளை, "பொறுத்துப் போடி, ஊர் சிரிக்கும்" என்று இவள்தான் திரும்பக் கொண்டுபோய் விட்டாள்.

அங்கேயே நின்று மகளைப் போனில் கூப்பிட்டாள். சம்பந்தியம்மாள் எடுத்தாள்.

"சுபத்ரா நல்லாத்தான் இருக்கா. நீங்க ராஜா அரண்மனையெல்லாம் சாவகாசமாப் பாத்துட்டு வாங்க."

"அவகிட்ட குடுங்க, சம்பந்தி."

"தூங்குறா."

வெயில் உச்சியில் நின்றது.

"எழுப்புங்க" என்றாள் மரகதவல்லி.