இடியாத வளை

கடலோரச் சதுப்பின் மணல் பக்கம் ஒரு நண்டு இருந்தது. கடல் ஏறும்போதெல்லாம் அதன் வளை இடிந்துவிடும். "இதெல்லாம் ஒரு மண்ணா?" என்று திட்டிக்கொண்டே மறுபடி தோண்டும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சேற்று நண்டு, "எங்க பக்கம் வந்துடு மச்சான். களிமண்ணு, சுவர் அசையாது" என்று கூட்டிப்போனது.

அங்கே தோண்டிய வளை, கடல் ஏறி இறங்கியும் அப்படியே நின்றது. மணல் நண்டு சுவரைத் தட்டிப் பார்த்தது. மறுபடி தட்டியது. பிறகு சேற்று நண்டைக் கேட்டது:

"கடல் இறங்கினதும் நீங்கள்லாம் என்னதான் பேசிக்குவீங்க?"

"பேச என்ன இருக்கு? சேத்துல தீனி கிடக்கு, சாப்பிடுவோம்."

அன்றைக்கே மணல் நண்டு ஊர் திரும்பியது. கடல் ஏறியது, புது வளை இடிந்தது.

"இதெல்லாம் ஒரு மண்ணா?" என்றது பக்கத்துச் சிப்பியிடம், முகமெல்லாம் சிரிப்பாக.