நான்காவது பாட்டு

“நாலாவது பாட்டை இன்னிக்கும் பாடினா, அடுத்த சனிக்கிழமை நீ வரவே வேண்டாம்” என்றார் பார் முதலாளி வெர்னன்.

“அது நானே எழுதின பாட்டு!” என்றாள் பாடகி டார்லீன்.

“யார் எழுதினா என்ன? நீ அதை ஆரம்பிச்சதும் பாதிப் பேர் தொப்பியை எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. அப்புறம் நான் பீரை யாருக்கு ஊத்தறது, உன் கிதாருக்கா?”

“ரொம்பப் பழைய பாணிம்மா” என்று நாஷ்வில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கைவிரித்த பிறகு, தானே பதிவு செய்து, தானே விற்றுத் திரிந்தவள் அவள். டெக்சாஸின் இந்தச் சின்ன ஊரிலுமா எழுந்து போவார்கள்?

“விடும்மா, உங்கிட்ட வேற பாட்டா இல்லை?” என்றார் ஸ்டீல் கிதார் வாசிக்கும் க்ளைட்.

அன்று அதைப் பாடவில்லை. ஒருவரும் எழவில்லை. வெர்னன் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவளுக்குத்தான் எரிச்சலில் அழுகை முட்டியது.

ஏழரை மணிக்கு, பாட்டு இடைவேளையில், பார் தொலைபேசி அடித்தது. வெர்னனுக்குக் கை ஒழியாததால் அவளே எடுத்தாள்.

“பாடற பொண்ணா? ஏன் கண்ணு, இன்னிக்கு அந்தப் பாட்டைப் பாடலையா?”

“எந்தப் பாட்டும்மா?”

“அதான், சாப்பாட்டை மூடி வச்சுட்டு ஒருத்தி வாசலையே பார்த்துட்டு இருப்பாளே! சனிக்கிழமையானா எங்க வீட்டுக்காரர் அதை முணுமுணுத்துக்கிட்டே நேரத்துக்கு வந்துடுவார். இன்னிக்கு எங்க தெருவுல ஒருத்தரும் வீடு திரும்பலை. பாடேன் கண்ணு, கோழி ஆறுது!”

டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

“க்ளைட், நாலாவது பாட்டு.”