நாலு எலுமிச்சம்பழம்

பட்டறையில் நின்ற பழைய காருக்கு, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் புது டர்போ பொருத்தினார்கள்.

"நான் ஊதுற ஊதுல உன் நூறு குதிரை சக்தி நானூறு குதிரையாயிடும், பாரு!" என்றது டர்போ.

எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ எனக்கு பெட்ரோல் நிறைய வேணுமே!" என்றது. பெட்ரோலை இறைக்கப் பெரிய பம்ப் வந்தது. "சூடு தாங்காதே!" என்றது. பெரிய ரேடியேட்டர் வந்தது. கூடவே புது கிளட்சும் வந்து சேர, பானெட்டுக்குள் ஒரே கும்மாளம்.

சக்கரத்துக்குள் இருந்த பழைய பிரேக் மெல்லக் கேட்டது: "நானூறு குதிரையையும் நான்தானே நிறுத்தணும்? எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உனக்கென்னடா கவலை? அதுக்குத்தான் நாலு எலுமிச்சம்பழம் வாங்கியாச்சே!" என்று எல்லாமாகச் சேர்ந்து சிரித்தன.

மறுநாள் பூசை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார்கள். கார் ஒரே பாய்ச்சலில் பறந்தது. டர்போ விசிலடித்தது. எஞ்சின் பாடியது. திடீரென்று எதிரே ரயில்வே கேட் இறங்கியது.

"பிரேக் அண்ணே! பிடிங்க, பிடிங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தபடியே பிரேக் கத்தியது: "நான் ஒருத்தன் பத்தலடா! அந்தப் பழங்களையும் கூப்பிடுங்க!"

"அதெல்லாம் கிளம்பின இடத்துலயே நசுங்கிப் போச்சே, அண்ணே!"